எட்டாவது தாள்

நீங்கள்தான் செய்தீர்கள். கம்ப்யூட்டர் செய்யவில்லை.

எங்கள் நடனப் பள்ளியின் தலைவராக இருந்த உங்களைத்தான் சொல்கிறேன். பெயரை எழுதமாட்டேன். பிரிக்பீல்ட்ஸில் இதைப் படிக்கிறவர்களுக்குப் பெயர் தேவைப்படாது. யார் கேட்டாலும் "அது கம்ப்யூட்டர் விட்ட பிழை" என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறீர்கள். அந்தப் பள்ளியின் ஆபீஸில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள் நான். அந்தக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் தட்டி ஏற்றியவளும் நான்தான். அது என்ன செய்யும், தானாக என்ன செய்யாது என்று எனக்குத் தெரியும்.

பள்ளி ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் இருந்தது. கீழே பூமாலைக் கடை. சனிக்கிழமை மட்டும் கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் வகுப்பு. இரண்டு இடத்துக்கும் வருகைப் புத்தகம் ஒன்றுதான். நீளமான, சிவப்பு முதுகு வைத்த புத்தகம். வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு பெருக்கல் குறி. இரண்டும் பேனாவில்.

மூன்றாவதாக ஒரு குறி உண்டு. பென்சிலில் ஒரு புள்ளி.

எங்கள் டீச்சர் வைத்திருந்த விதி இது. மாதவிலக்கான நாட்களில் பெண்கள் சலங்கை கட்டக்கூடாது, நடராஜர் பக்கம் போகக்கூடாது. சுவரோரம் உட்கார்ந்து கையில் தாளம் போட்டுக்கொண்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கலாம். அந்த விதி சரியா தப்பா என்று இங்கே பேச வரவில்லை. இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதை எந்தப் பெண்ணும் டீச்சரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. படி ஏறி வந்ததும் என் மேசைப் பக்கம் வந்து, "அக்கா, இன்னைக்கு உக்காரறேன்" என்பாள். நான் கோட்டுக்குப் பக்கத்தில் புள்ளி வைப்பேன். டீச்சர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அவளை எழுப்பமாட்டார். யாரும் எதுவும் பேசவேண்டாம். பென்சிலில் வைத்ததற்குக் காரணம், வருஷக் கடைசியில் நான் உட்கார்ந்து அத்தனையையும் ரப்பர் போட்டு அழித்துவிடுவேன்.

வருஷம் முழுக்க ஏன் வைத்திருக்கவேண்டும் என்று கேட்கலாம். அரங்கேற்றத்துக்காக. நாள் குறிக்கும்போது டீச்சர் பஞ்சாங்கத்தை ஒரு பக்கமும் என் புத்தகத்தை ஒரு பக்கமும் விரித்துவைப்பார். புள்ளி விழுகிற வாரத்தைத் தள்ளிவிட்டு வேறு வாரத்தில் நாள் எடுப்பார். அதையும் வாயைத் திறக்காமல் செய்வார். பெண்களின் அம்மாக்கள் எல்லோருக்கும் அந்தப் புள்ளி தெரியும். ஆண்களுக்குத் தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தலைவரே, உங்களுக்குத் தெரியும். அது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பாதிக்கு மேல் ஊரில் எல்லா ஆபீஸிலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நீங்கள் அரசாங்க வேலையில் பெரிய நாற்காலியில் இருந்து பென்ஷன் வாங்கியவர். "இன்னும் கொப்பியில எழுதிக்கொண்டு இருக்கிறம், வெட்கம்" என்றீர்கள், உங்கள் யாழ்ப்பாணத் தமிழில். கமிட்டி தலையாட்டியது. மூன்று பேர் மூன்று மென்பொருளைக் கொண்டுவந்து காட்டினார்கள். மூன்று தடவையும் நான் பக்கத்தில் நின்றேன், தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தபடி.

முதல் ஆள் கிள்ளானில் டியூஷன் சென்டர்களுக்குப் போட்டுக்கொடுப்பவர். அவருடையது சின்னது. பெயர், வகுப்பு, வந்தாளா இல்லையா. அவ்வளவுதான். எனக்கு அது போதும் என்று பட்டது. நீங்கள் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "இதைவிட கொப்பி நல்லம்" என்று எழுந்துவிட்டீர்கள்.

இரண்டாவது வெளிநாட்டிலிருந்து வந்தது. பாலே பள்ளிகளுக்கென்றே செய்தது. வண்ண வண்ணமாக இருந்தது. மாணவியின் ஷூ அளவு என்ன என்று கேட்டது. வெறுங்காலில் ஆடுகிறவர்களுக்கு என்ன போடுவது? போடாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. கொண்டுவந்த ஆளே சிரித்துவிட்டார்.

மூன்றாவது ஆள் பூச்சோங்கிலிருந்து வந்த நம் பையன். முப்பது வயது இருக்கும், கழுத்தில் டை. கருப்புத் திரையில் பச்சை எழுத்து. டாக்டர்களின் கிளினிக்குகளுக்காக அவனே எழுதிய மென்பொருள். நமக்காகக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன் என்றான். ஆனால் மாற்றி முடித்திருக்கவில்லை. மாணவியின் பெயரைத் தட்டினால் மேலே "நோயாளி" என்று இங்கிலீஷில் வந்தது.

"அது சும்மா லேபல்தான் லா, அங்கிள். மாத்திடலாம்," என்றான்.

நான் சொன்னேன், "தம்பி, நாங்க யாரும் இங்க சீக்காளி இல்ல."

"அதான் சொல்றேனே, ஆன்டி. ஒரு வாரம் குடுங்க."

ஆன்டி என்றான். எனக்கு அப்போது முப்பத்தெட்டு.

அவன் மென்பொருளில் ஒரு பெட்டி இருந்தது. மாதாமாதம் ஊசிக்கு வருகிறவர்களுக்கானது. போன தடவை எப்போது வந்தார், அடுத்து எப்போது வரவேண்டும், தேதி தாண்டிவிட்டால் போன தடவையிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று தானே எண்ணும். முதல் மாதம் தாண்டினால் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம். இரண்டாவது மாதம் இரண்டு. பிறகு அவர்கள் பெயரையெல்லாம் தனித் தாளில் அடித்துக் கொடுக்கும்.

என் சிவப்புப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த அவன், "ஆன்டி, இந்தப் புள்ளி என்ன?" என்றான்.

நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் சொன்னீர்கள். கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு, "அது பொம்பிளைப் பிள்ளையளின்ர விசயம், தம்பி. அரங்கேற்றத்துக்கு நாள் வைக்கேக்க பாக்கிறது" என்றீர்கள். அப்போது அறையில் இருந்தது நாம் மூன்று பேர்தான்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அந்த ஊசிப் பெட்டிய இதுக்கு வெச்சிக்கலாம் அங்கிள்! அடுத்த தேதிய அதுவே சொல்லும். மண்டபம் புக் பண்ண ஈசி."

"இதுதான் எங்களுக்கு வேணும்," என்றீர்கள். மேசையில் ஒரு தட்டு வேறு.

நான் சொன்னேன்: "ஐயா, அந்தப் புள்ளி மட்டும் வேணாம். அது புத்தகத்திலேயே இருக்கட்டும்."

"பிள்ளை, பதிவெண்டா முழுசா இருக்கவேணும். பாதி கொப்பியில, பாதி மெசினிலயோ? நீர் பயப்பிடாதையும்."

இப்படித்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது. மூன்றில் எது நல்லது என்று யாரும் கேட்கவில்லை. எது அதிகம் தாள் அடிக்கும் என்று பார்த்தீர்கள். எட்டு விதமான தாள் அடிக்கும் என்று அவன் விரல் மடக்கிச் சொன்னது உங்களுக்குப் பிடித்துப்போனது.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி.

பத்தொன்பது வயது. கம்போங் மேடானில் வீடு. அப்பா லோரி ஓட்டினார். ஏழு வயதிலிருந்து எங்களிடம் கற்றவள். பள்ளிக்கூடத்தில் ஆறாம் படிவம் முடித்துவிட்டு, காலேஜ் இடத்துக்குக் காத்துக்கொண்டே பயிற்சிக்கு வந்தாள். இரண்டு மினி பஸ் மாறி வருவாள், ஒரு நாள்கூட தாமதம் கிடையாது. நவம்பரில் அரங்கேற்றம் என்று மே மாதம் நாள் குறித்தாகிவிட்டது. அந்த வீட்டிலிருந்து மேடை ஏறப்போகிற முதல் ஆள்.

நாள் குறித்த அடுத்த மாதம் என் மேசைக்கு வந்து, வழக்கத்தைவிடக் குனிந்து பேசினாள்.

"அக்கா, இந்த மாசம் போடாதீங்கக்கா."

"ஏம்மா?"

"மூணு நாள் உக்காந்தா வர்ணம் கைய விட்டுப் போயிருது. டீச்சர் அந்த மூணு நாள்ல மத்தவங்களுக்குப் போயிடறாங்க. ப்ளீஸ்கா. சாமி கோவிச்சுக்காது. கோவிச்சா நான் பேசிக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போடவில்லை. ஜூனில் போடவில்லை. ஜூலையில் போடவில்லை. ஆகஸ்டிலும் இல்லை. அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போவாள், நான் வெறும் கோடு போடுவேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அது ஒரு சின்ன விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது.

அதே ஆகஸ்டில்தான் புத்தகத்தை மெஷினில் ஏற்றினேன். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு புள்ளியும். புத்தகத்தில் என்ன இருந்ததோ அதைத்தான் தட்டினேன். அவளுக்கு மே வரைக்கும் புள்ளி, பிறகு இல்லை. தட்டும்போது அது எனக்கு ஒன்றுமாகவே படவில்லை. என் தப்பை நான் மறைக்கவில்லை. மூன்று மாதத்துக்கும் பொய்ப் புள்ளி வைக்க மூன்று விநாடி போதும். வைக்கவில்லை.

செப்டம்பரில் சுமத்ராவின் காட்டுத்தீப் புகை ஊரை மூடியது. அந்த வருஷத்துப் புகையை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சூரியன் பழுத்த தக்காளி மாதிரி தொங்கியது. ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுப் பெண்கள் ஆடினார்கள். நட்டுவாங்கம் சொல்லச் சொல்ல டீச்சருக்கு இருமல். ஞாயிற்றுக்கிழமை காலை பெற்றோர் கூட்டம் என்று அறிவித்தீர்கள். புது மென்பொருளைக் காட்டவேண்டும், எட்டுத் தாளையும் அடித்து ஃபைலில் வை என்றீர்கள்.

வெள்ளிக்கிழமை அடித்தேன். பிரிண்டர் கிர்ர் கிர்ர் என்று ஒவ்வொரு வரியாகத் துப்பியது. ஏழு தாள் ஒழுங்காக வந்தன. வருகை, வகுப்பு, பிறந்த தேதி, அப்படி. எட்டாவது தாளின் தலைப்பு "ஓவர்டியூ", அதாவது கெடு தாண்டியது. அதற்குக் கீழே பெயர், வயது, கடைசித் தேதி, எத்தனை நாள். யாரோ இரண்டு பேருக்கு முப்பத்திரண்டு, முப்பத்துநான்கு. முதல் வரியில் அவள் பெயர். வயது பத்தொன்பது. நாள் நூற்றுப் பதினேழு. மூன்று நட்சத்திரம்.

அந்தத் தாளை இரண்டாக மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஏழு தாளை ஃபைலில் போட்டு உங்கள் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். முடிந்தது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள் என்னிடம் வந்து சொன்ன வார்த்தை இது: "எட்டு ரிப்போர்ட்டில ஏழுதான் ஃபைலில இருந்தது. மற்றதை நேற்று நானே அடிச்சுப்போட்டன். முப்பது போட்டோகொப்பியும் எடுத்தாச்சு."

"ஐயா, அந்தத் தாள் வேணாம்," என்றேன்.

"ஏன்?"

"அது சரியில்லைங்கய்யா."

"என்ன சரியில்லை? மெசின் பிழை விடாது."

அங்கேதான் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். "அது என்ன தாள் என்று உங்களுக்குத் தெரியும், நான் புள்ளி வைக்கவில்லை, அவள் கேட்டாள்" என்று மூன்று வரி. சொல்லவில்லை. சுற்றிலும் ஆம்பிளைகள் நாற்காலி தூக்கிக்கொண்டு நின்றார்கள். எனக்கு வெட்கம். வாய் பேசவேண்டாம் என்பதற்காகவே வைத்த புள்ளி, கடைசியில் என் வாயை அடைத்தது.

கூட்டத்தில் தாள்கள் கைக்குக் கை போயின. நீங்கள் மைக்கைப் பிடித்து ஒவ்வொன்றாக விளக்கினீர்கள். எட்டாவது வந்தபோது உங்கள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"இனி ஒண்டும் எங்கட கண்ணில இருந்து தப்பாது. பாருங்கோ, முதலாவதா இருக்கிற பிள்ளை. நூற்றுப் பதினெட்டு நாள் தாண்டியிருக்கு. பெற்றோர் கவனிக்கவேணும்."

முழுப் பெயரையும் படித்தீர்கள். அப்பா பெயரோடு சேர்த்து.

ஆண்கள் தலையாட்டினார்கள். பெண்கள் ஆட்டவில்லை. தாளில் ஒவ்வொரு பெண்ணின் கண்ணும் பக்கவாட்டில் நகர்ந்ததை நான் பார்த்தேன். பெயர், வயது, தேதி, நாள். எண்ணுவதற்கு அவர்களுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் அம்மா நான்காவது வரிசையில் இருந்தார். தாளை மடியில் கவிழ்த்து வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரி மெல்ல எழுந்து வேறு நாற்காலிக்குப் போனாள். பின்னாலிருந்து ஒரு குரல், "அதான் அவசர அவசரமா அரங்கேத்தம் வெக்கிறாங்களா?" என்றது. இரண்டு பேர் சிரித்தார்கள். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும் கீழே கிடந்த ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டேன். அப்போது எதற்கு என்று தெரியாது.

மறுநாள் அவள் அம்மா அவளை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். பெட்டாலிங் ஜெயாவில், தெரிந்தவர்கள் யாரும் வராத இடமாகப் பார்த்து. கவுண்டரில் அதே கருப்புத் திரை, அதே பச்சை எழுத்து என்று அவள் பிறகு என்னிடம் சொன்னாள். சோதித்தார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லை. இருக்கவா போகிறது? ஆனால் அந்தச் சீட்டை யாரிடம் காட்டுவது? கம்போங் மேடானில் வீடு வீடாகக் கதவைத் தட்டியா? நானும் அந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா நம்பினார். அப்பா என்னைப் பார்த்து, "நீங்க சொல்றது சரிம்மா. நீங்க எங்ககிட்ட சொல்லி என்ன? அவர் மைக்ல சொன்னாரு" என்றார்.

உங்களிடம் வந்தேன். ஒரு கூட்டம் கூப்பிட்டு, தாள் தப்பு என்று சொல்லுங்கள் என்று கேட்டேன். "நான் வகுப்புக்கு வராத நாள் எண்டுதான் நினைச்சன். கம்ப்யூட்டர் பிழை. இதைக் கிளறினா பள்ளிக்குத்தான் கெட்டபேர்" என்றீர்கள். அவள் அம்மாவுக்குத் தொலைபேசியில் வருத்தம் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். தொலைபேசியில். மைக்கில் இல்லை.

அரங்கேற்றம் நடக்கவில்லை. மண்டபத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்தீர்கள். அவளை டெங்கிலில் அத்தை வீட்டில் கொண்டுவிட்டார்கள். காலேஜ் கடிதம் வந்தபோது அப்பா அனுப்பவில்லை. ஒரு எலெக்ட்ரானிக் பெக்டரியில் ஷிப்ட் வேலைக்குப் போனாள். நான் அந்த மாதமே வேலையை விட்டேன். போகுமுன் சிவப்புப் புத்தகத்தின் புள்ளிகளை அழித்தேன். மெஷினில் இருந்தவற்றை அழிக்க எனக்குக் கற்றுத்தரப்படவில்லை.

இரண்டு வருஷம் கழித்து கிள்ளான் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். பெக்டரிச் சட்டை, கையில் சாப்பாட்டுப் பை. என்னைப் பார்த்து ஒதுங்கவில்லை. பழைய மாதிரியே "அக்கா" என்றாள். பஸ் வரும்வரை ஏதேதோ பேசினோம். ஏறும்போது திரும்பிச் சொன்னாள்.

"நீங்க பொய்யா ஒரு புள்ளி வெச்சிருக்கலாம்கா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் பங்கை நான் இங்கே எழுதிவிட்டேன். இனி உங்கள் பங்கு.

தலைவரே, இரண்டு தாளும் என்னிடம் இருக்கின்றன. நான் வெள்ளிக்கிழமை அடித்ததில் நூற்றுப் பதினேழு. மண்டபத்தில் நீங்கள் கொடுத்ததில் நூற்றுப் பதினெட்டு. அந்த மென்பொருள் அடிக்கிற நாள்வரைக்கும்தான் எண்ணும். ஆபீஸ் கிளார்க் ஃபைலில் வைத்துக் கொடுத்தாள், பார்க்காமல் படித்துவிட்டேன் என்று இன்றைக்கும் சொல்கிறீர்களாமே. அந்த ஒரு நாள் எங்கிருந்து வந்தது? சனிக்கிழமை பிரிண்டர் முன்னால் நின்றது யார்? அவள் வகுப்புக்கு வராத நாள் என்று நினைத்தேன் என்கிறீர்கள். ஒரு நாள்கூட தவறாமல் வந்தவள் என்று அதே ஃபைலின் முதல் தாளில் இருந்தது. அதையும் நீங்கள்தான் மைக்கில் படித்தீர்கள். புள்ளி எதற்கு என்று பூச்சோங்காரனுக்கு விளக்கியதும் நீங்கள்தான்.

அந்த மண்டபம் இன்னும் இருக்கிறது. பள்ளியின் ஆண்டு விழாவும் அங்கேதான் நடக்கிறது, முதல் வரிசையில் உங்களுக்கு நாற்காலி போடுகிறார்கள். இந்த வருஷம் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து மைக்கைப் பிடியுங்கள். அவள் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து முழுதாகச் சொல்லுங்கள், முன்பு சொன்னீர்களே அப்படி. எட்டாவது தாளை அடித்தது யார், அது என்ன தாள் என்று தெரிந்துதான் படித்தீர்களா என்று எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருப்பேன், இரண்டு தாளோடு.